இஸ்திரிப் பெட்டிக்குள் இருபது மாடி

ரவிக்கைத் துணியை வெட்டி முடித்ததும் தரையைப் பாருங்கள். நீளமாக ஒன்றிரண்டு துண்டு, சதுரமாக ஒன்று, மற்றதெல்லாம் மூன்று மூலையும் மூன்று தினுசாக இருக்கும். சதுரத் துண்டு எதற்காவது ஆகும். நீளத் துண்டை நாடாவாக்கிக் கொள்ளலாம். அந்த முக்கோணத் துண்டு இருக்கிறதே, அதைத் தூக்கி எறியவும் மனம் வராது. எதற்கு உதவும் என்றும் தெரியாது. பீரோவின் கீழ்த் தட்டில் ஒரு பை நிறையச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

நகரங்களிலும் இப்படித் துண்டு விழுவது உண்டு. ஒரு பேட்டையின் தெருக்கள் ஒரு திசையைப் பார்த்து வரிசையாக வரும். அடுத்த பேட்டையின் தெருக்கள் வேறொரு திசையைப் பார்த்து வரும். இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில், கட்டம் போட்ட இரண்டு துணிகளைக் கோணலாக வைத்துத் தைத்தது போல், வரிசையாக முக்கோணங்கள் விழும். துணியானால் பையில் திணித்துவிடலாம். நடு ஊரில், கடைவீதி மத்தியில், ஓர் அடி நிலம் பொன் விலைக்குப் போகிற இடத்தில் என்ன செய்வது?

அமெரிக்காக்காரர்கள் அதன் மேலேயே மாடி கட்டினார்கள். முன்னால் கூர், பின்னால் அகலம், இரு புறமும் செங்குத்தான சுவர். மேலே இருந்து பார்த்தால் அசல் இஸ்திரிப் பெட்டிதான். பெயரையும் அப்படியே வைத்துவிட்டார்கள். 'ப்ளாட் அயர்ன்' என்றால், அடுப்பில் காய வைத்துத் துணி தேய்ப்பார்களே, அந்த இரும்பு.

தெருக்குத்து உள்ள மனை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் பத்தடி தள்ளி நிற்பார்கள். ஒரே ஒரு தெரு வந்து வாசலில் இடித்தாலே பிள்ளையாரைக் கொண்டுவந்து உட்கார்த்தி வைக்கிறோம். இங்கேயோ ஒன்றல்ல, இரண்டு பெரிய வீதிகள் கட்டடத்தின் இரண்டு கன்னத்தையும் உரசிக்கொண்டு போகின்றன. மூக்கு முச்சந்தியில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியும் 1902-ஆம் வருஷத்திலிருந்து அது நின்றுகொண்டுதான் இருக்கிறது!

அது நியூயார்க்கில் உள்ள ப்ளாட் அயர்ன் கட்டடம். அதன் கதையைச் சொல்ல வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முட்டைக்கோசு யுத்தம்

1811-ஆம் வருஷம் மூன்று கமிஷனர்கள் கூடி உட்கார்ந்து மன்ஹாட்டன் தீவுக்கு ஒரு படம் போட்டார்கள். ஊர் அப்போது தீவின் தென்கோடியில்தான் இருந்தது. வடக்கே எல்லாம் பண்ணையும் மேடும் ஓடையும். கமிஷனர்கள் எதையும் லட்சியம் செய்யவில்லை. நீளவாக்கில் 12 பெருவீதிகள், குறுக்குவாக்கில் 155 தெருக்கள் என்று சதுரங்கப் பலகையைத் தூக்கித் தீவின் மேல் கவிழ்த்த மாதிரி கோடு இழுத்தார்கள். வட்டமும் நட்சத்திரமுமாக அழகான வீதிகள் போடக் கூடாதா என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் வெகு சுருக்கம்: நேர்ச் சுவரும் நேர்க் கோணமுமாக உள்ள வீடுதான் கட்டுவதற்கு மலிவு, குடியிருக்கவும் சௌகரியம். இதை எந்த இல்லத்தரசியும் ஒப்புக்கொள்வாள். வட்டமான அறையில் பீரோவை எங்கே வைப்பது?

காகிதத்தில் கோடு போட்டவர்களுக்குக் கஷ்டமில்லை. அதை நிலத்தில் அளந்து கல் நட வந்தவர் ஜான் ராண்டல் என்ற வாலிபர். அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பண்ணைக்குள் அத்துமீறி நுழைந்தார் என்று அவரைக் கைது செய்தார்கள். காய்கறி விற்றுப் பிழைத்த ஒரு கிழவியின் சமையலறைக்குக் குறுக்கே தெரு போகும் என்று அளவுக்காரர்கள் சொல்ல, அவள் கையில் அகப்பட்ட முட்டைக்கோசுகளை எடுத்து வீசியே அவர்களை விரட்டினாள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ நிஜமோ, எனக்கு அந்தக் கிழவியைப் பிடித்திருக்கிறது.

கிழவி தோற்றாள், பண்ணைக்காரர்களும் தோற்றார்கள். படத்துக்கு அடங்காமல் ஜெயித்தது ஒன்றே ஒன்று. அதுதான் பிராட்வே. வெள்ளைக்காரர்கள் அந்தத் தீவில் கால் வைப்பதற்கு முன்பே பூர்வகுடிகள் நடந்து நடந்து தேய்ந்த பாதை அது. நடக்கிறவன் மேடு பள்ளம் பார்த்து, சுலபமான இடமாகப் பார்த்துத்தானே கால் வைப்பான்? அதனால் தீவுக்குக் குறுக்கே கோணலாகப் போயிற்று. கமிஷனர்களின் படத்தில் வடக்கே அதற்கு இடமே இல்லை. அழித்துவிடுவது என்றுதான் உத்தேசம். ஆனால் ஜனங்கள் பாட்டுக்கு அதன் வழியே நடந்துகொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் நகரசபை விட்டுக்கொடுத்துவிட்டது.

அன்று முதல் அந்தக் கோணல் பாதை எந்தப் பெருவீதியைக் கடக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு முக்கோணம் விழுந்தது. யூனியன் ஸ்கொயர், மாடிஸன் ஸ்கொயர், ஹெரால்டு ஸ்கொயர், டைம்ஸ் ஸ்கொயர் எல்லாம் அப்படி உண்டானவையே. 'ஸ்கொயர்' என்று பெயர்தான். டைம்ஸ் ஸ்கொயரில் சதுரத்தைத் தேடினால் அகப்படாது. கூரோடு கூர் சேர்ந்த இரண்டு முக்கோணங்கள்தான் அங்கே உண்டு.

மாடிஸன் ஸ்கொயரின் ஓரத்தில், ஐந்தாவது பெருவீதியும் பிராட்வேயும் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில், 22-ஆம் தெருவுக்கும் 23-ஆம் தெருவுக்கும் நடுவில் நீளமாக ஒரு முக்கோண மனை. 1857-ல் அதை ஆமோஸ் ஈனோ என்ற தனவந்தர் வாங்கினார். கட்டடம் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த மனைக்கு 'ஈனோவின் இஸ்திரிப் பெட்டி' என்று ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். மனுஷர் கெட்டிக்காரர். மனையின் பின்பக்கம் மட்டும் உயரமாக ஒரு குடியிருப்பைக் கட்டி, முன்பக்கம் சிறு கட்டடங்களோடு நிறுத்திக்கொண்டார். முச்சந்தியைப் பார்த்து மொட்டையாக நின்ற உயரச் சுவரை விளம்பரத்துக்கு வாடகைக்கு விட்டார். பிறகு அதில் திரை கட்டி, மாய விளக்கால் படம் காட்டினார்கள். தேர்தல் இரவுகளில் பத்திரிகைகள் அந்தத் திரையில் முடிவுகளைப் போடும். மாடிஸன் ஸ்கொயரில் ஜனம் நெரியும். ஒன்றும் கட்டாமலே காசு பண்ணத் தெரிந்தவர் ஈனோ! அவர் 1898-ல் காலமான பிறகுதான் மனை கைமாறியது.

சுவரே வீடானால்?

வாங்கியது புல்லர் கம்பெனி. வானளாவும் கட்டடங்களைக் கட்டுவதே அவர்களுடைய தொழில். கட்டடத்துக்குப் படம் போட்டவர் சிகாகோவின் பிரசித்தி பெற்ற சிற்பி டேனியல் பர்னாம்; அவருடைய ஆபீஸில் வேலை பார்த்த பிரெடரிக் டிங்கெல்பர்க்கும் கூட இருந்தார்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். செங்கல் மேல் செங்கல் வைத்து மாடி கட்டினால், மேல் மாடிகளின் பாரம் முழுவதையும் கீழ்ச் சுவர்தான் தாங்க வேண்டும். மாடி ஏற ஏறக் கீழ்ச் சுவர் தடிக்கும். இதே பர்னாமின் கம்பெனி சிகாகோவில் 1891-ல் மொனாட்னாக் என்று 16 மாடி கட்டியது. அதன் அடிச் சுவரின் கனம் 6 அடி! இஸ்திரிப் பெட்டி மனையின் கூர் முனையில் மொத்த அகலமே சுமார் 6½ அடிதான். பழைய முறைப்படி கட்டியிருந்தால் அந்த முனையில் சுவர் மட்டும்தான் இருந்திருக்கும். மனுஷர் நிற்க இடம் இருந்திருக்காது.

காப்பாற்றியது எஃகு. முதலில் எஃகுத் தூண்களையும் உத்தரங்களையும் கொண்டு ஒரு கூடு கட்டிவிடுவது. பாரத்தையெல்லாம் கூடு தாங்கிக்கொள்ளும். சுவர் என்பது அதன் மேல் போர்த்துகிற சட்டை, அவ்வளவுதான். நியூயார்க்கில் 1892-ல் கட்டட விதிகளைத் திருத்திய பிறகே இதற்கு வழி பிறந்தது. எஃகுத் துண்டுகளைத் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டித் துளை போட்டுக் கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு ஒரு மாடி வீதம் கூடு எழும்பிற்று. பிறகு சுண்ணாம்புக் கல்லையும், பூவேலை செய்த சுட்ட மண் பலகைகளையும் போர்த்தினார்கள். 1902-ல் 285 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது கட்டடம். பின்பக்கம் 87 அடி அகலம். முன் மூக்கின் கோணம் சுமார் 25 பாகை.

கம்பெனி தன் ஸ்தாபகர் ஜார்ஜ் புல்லரின் பெயரை அதற்கு வைத்தது. ஜனங்கள் கேட்டால்தானே? மனைக்கு இருந்த பெயரே கட்டடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. 1929-ல் கம்பெனி வேறு கட்டடத்துக்குக் குடிபோனபோது, தன் பெயரையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்துக்கொண்டது.

முனையில் தரை மட்டத்தில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு கடை துருத்திக்கொண்டிருக்கும். அது பர்னாம் விரும்பியதல்ல. அழகு கெடும் என்று அவர் ஆட்சேபித்துப் பார்த்தார். கம்பெனித் தலைவர் ஹாரி பிளாக், ஓர் அடி நிலத்தையும் வாடகையில்லாமல் விடுவதாக இல்லை. ரெயில் என்ஜின் முன்னால் மாடு தள்ள ஒரு கம்பி வேலி இருக்குமே, அந்தப் பெயரை அதற்கு வைத்தார்கள். மாமனார் புல்லரின் தொழிலுக்கு வாரிசாக வந்த மாப்பிள்ளை அவர், கணக்கில் கண்டிப்பு!

காற்று

கட்டடம் எழும்பும்போதே ஊரில் பந்தயம் ஆரம்பித்துவிட்டது. விழுமா, விழாதா என்றல்ல. விழுந்தால் எவ்வளவு தூரத்துக்குக் கல் சிதறும் என்று! இவ்வளவு ஒல்லியான உருவம் காற்றைத் தாங்காது என்று எல்லோரும் நிச்சயமாக நினைத்தார்கள். என்ஜினீயர் கோரிடன் பர்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் வரக்கூடிய கடுங்காற்றைப் போல நாலு மடங்குக்கு ஈடு கொடுக்கும்படி கூட்டை இறுக்கியிருந்தார். கட்டடம் அசையவில்லை.

ஆனால் காற்று என்ன செய்யும்? உயரமான சுவரில் மோதியது கீழே இறங்கித் தெருவில் சுழன்றது. அந்தப் பேட்டைக்கு அப்போது 'லேடீஸ் மைல்' என்று பெயர். பெரிய ஜவுளிக் கடைகளெல்லாம் அங்கேதான். கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும், அகலத் தொப்பியும், கை நிறையப் பொட்டலமுமாக ஸ்திரீகள் வந்து போகும் இடம். கட்டடத்தின் மூலை திரும்பியதும் காற்று வாரிக்கொண்டு போகும். தொப்பியைப் பிடிப்பதா, பாவாடையைப் பிடிப்பதா, பொட்டலத்தைப் பிடிப்பதா?

இதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வேலையற்ற ஆண்பிள்ளைகள் 23-ஆம் தெரு மூலையில் கூடினார்கள். அவர்களை விரட்டுவது போலீஸ்காரர்களுக்கு ஒரு தனி வேலையாயிற்று. 'ட்வெண்டி த்ரீ ஸ்கிடூ' என்று ஒரு கொச்சை அந்த நாளில் வழங்கிற்று. 'ஓடு, ஓடு' என்று அர்த்தம். போலீஸார் விரட்டியதிலிருந்துதான் அது பிறந்தது என்பார்கள். இல்லை, அதற்கு முன்பே இருந்த பேச்சு என்று சொல்லுகிறவர்களும் உண்டு. 1903-ல் ஒரு சினிமாக் கம்பெனி அந்த மூலையில் காமிராவை வைத்து, காற்றில் அல்லாடிப் போகிறவர்களைப் படமே பிடித்துவிட்டது.

எல்லாம் வேடிக்கையாகவே போய்விடவில்லை. அதே 1903 பிப்ரவரியில் புயல் காற்று அடித்த ஒரு நாள், தபால் கொண்டு போகிற பையன் ஒருவனை அது நடைபாதையிலிருந்து தூக்கி வீதியில் எறிந்தது. எதிரே வந்த மோட்டார் அவன் மேல் ஏறிவிட்டது. வேடிக்கைப் பாட்டுகளும் படத் தபால் கார்டுகளும் நிறைய உண்டு, அந்தக் காற்றைப் பற்றி. பையனைப் பற்றி யாரும் தபால் கார்டு போடவில்லை.

மறந்து போன ஓர் அறை

இப்போது நான் சொல்லப் போவதைக் கேட்டால் சகோதரிகளுக்குச் சிரிப்பு வரும்; கோபமும் வரும். இருபது மாடி. ஆறு லிப்டு. சுட்ட மண்ணில் பூவும் கொடியும் முகமுமாக அலங்காரம். இத்தனையும் யோசித்துக் கட்டியவர்கள், பெண்களுக்கு என்று ஒரு கழிப்பறைகூடக் கட்ட மறந்துவிட்டார்கள்!

பெண்கள் ஆபீஸுக்கு வராத காலம் என்று சொல்ல முடியாது. டைப் அடிக்கிறவர்களும் சுருக்கெழுத்துக்காரிகளும் அதற்குள் நியூயார்க் ஆபீஸ்களில் நிறைந்துவிட்டார்கள். காற்றோடு மல்லுக்கு நின்று உள்ளே வந்து, லிப்டில் ஏறி, மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் இந்தச் சங்கதி தெரியும். பிறகு நிர்வாகத்தார் ஒரு வழி செய்தார்கள். ஒரு மாடியில் உள்ளது ஆண்களுக்கு, அடுத்த மாடியில் உள்ளது பெண்களுக்கு என்று மாற்றி மாற்றி ஒதுக்கினார்கள். புதிதாக ஒன்று கட்ட இடம் ஏது? முக்கோணத்துக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே நாள் பூராவும் மாடிப்படியில் ஏறி இறங்கும் வேலை ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதியாயிற்று. இந்த ஏற்பாடு ஒரு தலைமுறையோடு போகவில்லை; நூறு வருஷத்துக்குப் பிறகு அங்கே வேலை பார்த்தவர்களும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

லிப்டு இன்னொரு கதை. தண்ணீரின் அழுத்தத்தால் ஏறி இறங்குகிற லிப்டு அது. மெதுவாகத்தான் போகும், குழாய் உடைந்தால் ஏறியிருப்பவர்களுக்கு ஸ்நானமே ஆகிவிடும். 1990-களின் பிற்பகுதி வரை அதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள். 1905-ல் உச்சியில் இன்னொரு மாடி சேர்த்தார்கள். அதற்குப் போக வேண்டுமானால் 20-ஆம் மாடியில் இறங்கி வேறு லிப்டில் ஏற வேண்டும். அங்கே ஜன்னலின் அடிப்பாகமே மார்பு உயரத்தில் இருக்கிறது. குட்டையானவர்கள் ஊரைப் பார்க்க முக்காலி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவு அசௌகரியத்தையும் எதற்காகச் சகித்தார்கள் என்றால், வெளிச்சத்துக்காக! மற்றக் கட்டடங்களுக்கு ஒரு பக்கம் தெரு, மூன்று பக்கம் அண்டை வீட்டுச் சுவர். இதற்குச் சுற்றிலும் தெரு. ஒல்லியான உருவம் ஆனதால் உள்ளே இருட்டறை என்பதே கிடையாது. குளிர்சாதனம் வராத நாளில் அது பெரிய பாக்கியம். முனை அறைகளுக்குப் போட்டி சொல்லி முடியாது. மூன்று பக்கமும் ஜன்னல், வடக்கே நேராகப் பார்த்தால் 1931-ல் எழும்பிய எம்பயர் ஸ்டேட் கட்டடம். நம்மைப் போன்ற தொடர்கதைப் பத்திரிகைக்காரர்களுக்கும் இந்தக் கட்டடத்துக்கும் ஓர் உறவு உண்டு. ஆரம்ப காலத்தில் 18-ஆம் மாடியில் பிராங்க் மன்ஸி என்பவர் கதைப் பத்திரிகைகள் நடத்தினார். பின்னாளில் மாக்மில்லன் என்ற புத்தகக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டடம் முழுவதையும் பிடித்துக்கொண்டு 2019 வரை இருந்தது. முக்கோண அறையில் உட்கார்ந்தால் கதை நன்றாக வரும் போலிருக்கிறது!

அழகா, அவலட்சணமா என்று அந்த நாளில் பெரிய வாதம். 'பர்னாமின் பைத்தியக்காரத்தனம்' என்று கேலி செய்தவர்கள் ஒரு பக்கம். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற போட்டோக்காரர் 1903-ல் பனி பெய்த நாளில் ஒரு மரத்துக்குப் பின்னால் அதை நிறுத்திப் படம் எடுத்தார். 'இந்த அவலட்சணத்தில் என்ன கண்டாய்?' என்கிற தினுசில் தகப்பனார் கேட்டாராம். ராட்சதக் கப்பல் ஒன்று தன்னை நோக்கி வருவது போலத் தோன்றியது என்று மகன் பதில் சொன்னார். 1906-ல் அமெரிக்காவைப் பார்க்க வந்த ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸுக்கும் கப்பலின் முன்முனைதான் ஞாபகம் வந்தது. இஸ்திரிப் பெட்டி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் துணி தேய்க்கிற வீட்டைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

1966-ல் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமாக நகரத்தார் அறிவித்தார்கள். இனி இடிக்க முடியாது. ஆனால் பங்காளிச் சண்டையை எந்தச் சட்டம் தடுக்கும்? சொந்தக்காரர்கள் ஐந்து பேர். ஒருவருக்கு மட்டும் கால் பங்கு, மற்ற நால்வருக்கு மீதி. குடித்தனக்காரர் போன பிறகு காலிக் கட்டடத்தை என்ன செய்வது என்பதில் ஒத்துவரவில்லை. துணியைக் கிழித்துப் பங்கு போடலாம். முக்கோணக் கட்டடத்தை எப்படிப் பங்கு போடுவது? கோர்ட்டு ஏலம் விடச் சொல்லிற்று. 2023 மார்ச்சில் யாரும் எதிர்பாராத ஓர் ஆசாமி 19 கோடி டாலருக்குக் கேட்டு ஜெயித்தார். பத்தில் ஒரு பங்கு முன்பணம் கட்ட வேண்டிய தினம் வந்தது, பணம் வரவில்லை. மறுபடி மே மாதம் ஏலம். 16 கோடியே 10 லட்சம் டாலருக்கு அந்த நால்வர் கோஷ்டியே எடுத்துக்கொண்டது. அந்த வருஷமே, ஆபீஸ்களை எடுத்துவிட்டுக் குடியிருப்பு வீடுகளாக மாற்றுவது என்று முடிவு செய்தார்கள். பீரோவை எங்கே வைப்பது என்கிற கேள்வி 1811-க்குப் பிறகு மறுபடியும் வந்துவிட்டது.

மற்ற ஊர்களில்

நியூயார்க் கட்டடத்துக்கு இவ்வளவு புகழ் இருந்தாலும், அந்த வம்சத்தில் அது மூத்தது அல்ல. கனடாவில் டொரான்டோ நகரத்தில் 1892-லேயே செங்கல்லால் ஐந்து மாடிக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி கட்டிவிட்டார்கள். சாராய அதிபர் ஜார்ஜ் குடர்ஹாமின் ஆபீஸ் அது. ஏரிக்கரையை ஒட்டிப் போன ஒரு தெருவும் நேராக வந்த ஒரு தெருவும் சேர்ந்த இடம். அதன் பின்பக்கச் சுவரில் 1980-ல் ஓவியர் டெரிக் பெசன்ட் பெரிதாக ஒரு சித்திரம் தீட்டினார். எதிரே உள்ள கட்டடத்தைத் துணியில் எழுதி, அந்தத் துணியைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டது போலவும், ஓரம் காற்றில் மடிந்தது போலவும் இருக்கும். அட்லான்டாவில் 1897-ல் 11 மாடியில் ஒன்று. அதுவும் நியூயார்க்கை முந்தியதே.

ஒன்றிரண்டு அல்ல, வரிசையாகவே பார்க்க வேண்டும் என்றால் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போக வேண்டும். 1847-ல், ஐந்நூறு பேர்கூட இல்லாத கடலோரக் கிராமமாக அது இருந்தபோது, ஜாஸ்பர் ஓபாரல் என்ற ஐரிஷ்காரர் அளந்து தெரு போட வந்தார். வடபுறத்தில் ஏற்கெனவே சின்னச் சின்னக் கட்டமாகக் கொஞ்சம் தெருக்கள் இருந்தன. இவர் 120 அடி அகலத்தில் மார்க்கெட் தெரு என்று ஒன்றை, இரட்டைக் குன்றுகளைக் குறி வைத்துக் கோணலாக இழுத்தார். அதற்குத் தெற்கே போட்ட கட்டங்கள் அந்தத் தெருவோடு ஒத்துப்போகும். வடக்கே உள்ள கட்டங்களைப் போல நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு. பழைய கட்டங்கள் பழையபடியே நின்றன. ஆகவே தென்புறத்து மனைகள் ஒழுங்கான சதுரமும் செவ்வகமும். வடபுறம் பூராவும் முக்கோணம். ஒரே தெருவின் இரண்டு பக்கம்! வடக்கேயிருந்து வருகிற தெருவைப் பிடித்துக்கொண்டு நேரே தெற்கே போகலாம் என்று நினைத்தால் நடவாது. மார்க்கெட் தெருவில் வந்து திகைத்து நிற்க வேண்டியதுதான்.

இத்தனை நிலத்தைத் தெருவுக்கென்று விழுங்கியதற்காக, நிலச் சொந்தக்காரர்கள் அவரைத் தூக்கில் போடுவதாகக் கிளம்பினார்கள் என்றும், மனுஷர் இரவோடு இரவாகப் படகேறி ஊரைவிட்டு ஓடினார் என்றும் சொல்லுவார்கள். முட்டைக்கோசோடு தப்பிய ராண்டல் அதிர்ஷ்டசாலி.

அந்த முக்கோணங்களில் 1904-ல் எழும்பிய ப்ளட் கட்டடம் 1906 ஏப்ரல் 18-ஆம் தேதி வந்த பூகம்பத்துக்கும் தீக்கும் தப்பியது. பீலன் கட்டடம் சாம்பலான பிறகு 1908-ல் புதிதாக எழும்பியது. சற்றுத் தள்ளி, கொலம்பஸ் பெருவீதி என்ற இன்னொரு கோணல் வீதியின் முனையில், செப்புத் தகடு போர்த்துப் பச்சை பூத்துப் போன ஸென்டினல் கட்டடம். பூகம்பத்தின்போது பாதி கட்டியிருந்தார்கள், 1907-ல் முடிந்தது. சினிமா டைரக்டர் பிரான்ஸிஸ் போர்டு கப்போலா 1970-களில் அதை வாங்கித் தன் கம்பெனிக்கு வைத்துக்கொண்டார்.

குடித்தவர் யார்?

ஸியாட்டில் நகரத்துக் கதை இன்னும் ருசியானது. 1853 மே 23-ஆம் தேதி, ஒரே நாளில், அந்த ஊரின் படங்களைப் பதிவு செய்தார்கள். ஆர்தர் டென்னியும் கார்ஸன் போரனும் ஒரு படம். டாக்டர் மேனார்டு ஒரு படம். அடுத்தடுத்த நிலம். டென்னி தரப்பு கடற்கரை எப்படி வளைகிறதோ அதற்கு இணையாகத் தெருக்களைப் போட்டது. மேனார்டோ, திசைகாட்டி வடக்கு என்று எதைக் காட்டுகிறதோ அதுதான் வடக்கு என்றார். இருவரும் பேசிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. டாக்டர் குடித்திருந்தார், அதனால்தான் பிடிவாதம் பிடித்தார் என்று டென்னி பிற்காலத்தில் எழுதி வைத்தார். டாக்டர் குடிப்பவர் என்பது நிஜமே. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வடக்கு தெற்காக நேராக நிற்பவை குடித்தவருடைய தெருக்கள். சாய்ந்து கிடப்பவை குடிக்காதவருடையவை!

இரண்டு படமும் யெஸ்லர் வீதியில் முட்டிக்கொண்டன. இன்றைக்கும் அந்த வீதியைக் கடக்கும் தெருக்கள் இடுப்பொடிந்த மாதிரி வளைகின்றன. அங்கே விழுந்த ஒரு முக்கோணத்தில் ஆக்ஸிடென்டல் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. 1889 ஜூன் 6-ல் ஊரையே அழித்த தீயில் அது போயிற்று. அதே இடத்தில், அதே கூர் மூக்கோடு, இன்னும் கம்பீரமாக எழும்பியது பிற்காலத்தில் ஸியாட்டில் ஹோட்டல் என்று பெயர் பெற்றது.

எழுபது வருஷம் போலத் தாக்குப் பிடித்தது. ஊர் வடக்கே நகர்ந்தது. பழைய பேட்டைக்கு மவுசு போயிற்று. 1961-ல் ஹோட்டலை இடித்தார்கள். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? மோட்டார் கார்களை நிறுத்த! அந்த முக்கோணத்தில் அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் கான்கிரீட் மேடை ஒன்றைக் கட்டினார்கள். மேட்டுத் தெருவில் ஒரு பக்கம் புதைந்தும் கூர் முனை மட்டும் தூக்கிக்கொண்டும் அது நிற்கிற லட்சணத்தைப் பார்த்து, ஊரார் 'மூழ்கும் கப்பல்' என்று பெயர் வைத்தார்கள். போனது போகட்டும் என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அடுத்து எதை இடிப்பார்களோ என்று கிளர்ச்சி எழுந்தது. கட்டடக் கலைஞர்களும் பேட்டைவாசிகளும் சேர்ந்து போராடியதில், 1970-ல் பயனீர் ஸ்கொயர் பேட்டை முழுவதையும் சரித்திரப் பகுதியாக அறிவித்து, மற்றக் கட்டடங்களைக் காப்பாற்றினார்கள்.

அப்படிக் காப்பாற்றிய செங்கல் மாளிகைகளுக்கு நடுவில், எல்லாவற்றையும் காப்பாற்றக் காரணமாக இருந்த அந்தக் கார்க் கொட்டகை, மூக்கைத் தூக்கிக்கொண்டு டென்னிக்கும் மேனார்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது.